வெற்றிலைத் தட்டத்தில் வைத்த கைமணிக்கூடு

என் கலியாணத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது அண்ணை கொழும்பிலிருந்து வந்தார். அங்கே ஒரு கந்தோரில் அவருக்குக் கிளாக்கர் வேலை. படலையைத் திறந்துகொண்டு வந்தவரின் வலது கைச் சட்டை மணிக்கட்டுவரை பூட்டியிருந்தது. இடது கைச் சட்டை மட்டும் முழங்கைவரை மடித்திருந்தது. ஏதோ காட்டப் போகிறார் என்று எனக்கு விளங்கிவிட்டது. காட்டினார். உரும்பிராயில் எங்கள் ஒழுங்கையில் ஒரு மனிதர் நேரத்தைக் கையில் கட்டிக்கொண்டு நடந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

பள்ளிக்கூடத்தில் சுவர் மணிக்கூடு ஒன்று இருந்தது. அது சுவரோடு கிடந்ததால் ஒருவரும் பெரிதாக எடுக்கவில்லை. கையில் ஏறியதும் கதை வேறாகிவிட்டது. அடுத்த இரண்டு நாளும் வீட்டில் சனம். பக்கத்து வளவுப் புகையிலைக்காரர் அதைக் காதில் வைத்து நெடுநேரம் கேட்டுவிட்டு, "உது நித்திரை கொள்ளாதோ தம்பி?" என்றார். பெரியம்மா தொடவே மாட்டேன் என்றுவிட்டார். நாடிக்கு மேலே இருந்து இரத்தத்தை உறிஞ்சித்தான் அது ஓடுகிறது, சாவி கொடுப்பதெல்லாம் வெறும் வேஷம் என்பது அவருடைய கட்சி. அண்ணை அதைக் கழற்றி மேசையில் வைத்து, தனியே ஓடுவதைக் காட்டினார். "குடிச்ச ரத்தம் உள்ளுக்குக் கிடக்குத்தானே, முடிய நிக்கும்" என்றார் பெரியம்மா. அன்றைக்கு அண்ணை சாவி கொடுக்க மறந்துபோக, அடுத்த நாள் அது நின்றது. அதற்குப் பிறகு பெரியம்மாவைப் பிடிக்க முடியவில்லை.

எங்கள் தோட்டக் கிணறு நான்கு பங்காளருக்குப் பொது. யார் எவ்வளவு நேரம் இறைப்பது என்பதை நிழலை அடியால் அளந்து தீர்ப்பார்கள். அதில் வாரத்துக்கு ஒரு சண்டையாவது வரும். அந்த வாரம் அண்ணையைக் கூட்டிக்கொண்டுபோய்க் கிணற்றடியில் நிறுத்தினார்கள். அவர் கையைப் பார்த்து, "சரி, காணும்" என்றார். துலாவில் ஏறி இறைத்துக்கொண்டு நின்றவர் ஒரு சொல் பேசாமல் இறங்கிவிட்டார். அப்பா இதைப் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லிப் பூரித்தார். எனக்கு மட்டும் அது ஒரு மாதிரி இருந்தது. நிழலோடு சண்டை பிடிக்கலாம். "உன்ரை காலடி சின்னன்" என்று சொல்லித் திரும்பவும் அளக்கலாம். மணிக்கூட்டோடு யார் சண்டை பிடிப்பது? அதை வாசிக்கத் தெரிந்தவர் அங்கே ஒருவர்தான். அவர் சொன்னால் முடிந்தது.

ஐயர் பஞ்சாங்கம் பார்த்து எழுதித் தந்த முகூர்த்தம் தை மாதத்துத் திங்கட்கிழமை காலை, ஒன்பது முப்பத்தைந்துக்கு மேல். திங்களில் ஒன்பது மணிவரை ராகு காலம் என்பது எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அந்த நேரத்தில் கடைக்குக்கூட ஒருவரும் வெளிக்கிடமாட்டார்கள். தாலி கட்டினால் அந்தத் தாலி நிலைக்காது என்பார்கள். மற்றக் கலியாணங்களில் ஐயர் முற்றத்தில் இறங்கி, வெயிலைப் பார்த்து, தன் நிழலை அளந்துதான் நேரம் சொல்லுவார். வீட்டில் மணிக்கூடு இருக்கும்போது வெயில் எதற்கு என்று அப்பா சொல்லிவிட்டார்.

ஒரேயொரு சிக்கல் வந்தது. மணிக்கூட்டின் வார் தோல். "மாட்டுத்தோலைக் கட்டிக்கொண்டு மணவறைக்குக் கிட்ட வரப்படாது" என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றார். அண்ணை வாரைக் கழற்றினார். வாரில்லாத மணிக்கூட்டை வெற்றிலைத் தட்டத்தில் வைத்து, கும்பத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். அம்மா கண்ணாடியின் நடுவில் ஒரு சந்தனப் பொட்டும் வைத்தார். முள்ளுத் தெரியவில்லை என்று அண்ணை அதைத் துடைத்து ஓரத்துக்குத் தள்ளினார்.

அன்றைக்கு விடிந்ததிலிருந்து மூட்டம். தூறலும் இருந்தது. வெயில் என்று ஒன்று இல்லை. ஐயர் பந்தலுக்கு வெளியே எட்டிப் பார்த்தார்.

"இன்னும் விடியாத மாதிரியெல்லோ கிடக்கு. நேரம் வந்திட்டுதோ தம்பி?"

"ஒன்பதே முக்கால் ஐயா. முகூர்த்தம் தொடங்கிப் பத்து நிமிஷமாச்சு."

ஐயர் குனிந்து தட்டத்தைப் பார்த்தார். அவருக்கு அதை வாசிக்கத் தெரிந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் தலையாட்டினார். கெட்டிமேளம் முழங்கியது. நான் குனிந்த தலை நிமிரவில்லை. கழுத்தில் தாலிக்கொடி ஏறியது.

அதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் இப்போது நினைத்தால், நாங்கள் எவ்வளவு பெரிய மூடர்கள் என்று சிரிப்பும் வருகிறது, வயிறும் எரிகிறது. சமையல்காரர், "இன்னும் சோறு அவியேல்லை, அதுக்கிடையிலை தாலி கட்டியாச்சோ?" என்று அகப்பையோடு ஓடி வந்தார். அவரைச் சோம்பேறி என்றார்கள். கரவெட்டியிலிருந்து வந்த சித்தப்பா குடும்பம் தாலி கட்டி முடிந்த பிறகு பந்தலுக்குள் நுழைந்தது. நேரத்துக்குத்தான் வந்தோம் என்று அவர் சத்தியம் பண்ணினார். அப்பா அவரைத் தட்டத்தடிக்குக் கூட்டிக்கொண்டுபோய் மணிக்கூட்டைக் காட்டினார்.

மத்தியானம், மாப்பிள்ளை வீட்டுக்குப் போக நான் சேலை மாற்றிக்கொண்டு நின்றபோது கோயிலில் உச்சிக்காலப் பூசை மணி கேட்டது. அறை வாசலில் நின்ற அண்ணை, திரும்பவும் வாரைப் பூட்டி மணிக்கூடு கட்டியிருந்த கையை வழக்கம்போலத் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் செத்துப்போனது. நான் பயந்துவிட்டேன்.

"என்ன அண்ணை?"

"கோயிலிலை பன்னிரண்டு. இதிலை ஒரு மணி." அவர் குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சி, இது கொழும்பு நேரம். சண்டை நேரம். பஞ்சாங்கத்துக்கு ஒரு மணித்தியாலம் கழிச்சிருக்கோணும். நான் மறந்துபோனன்."

வெள்ளைக்காரனின் உலகச் சண்டை தொடங்கிய பிறகு அரசாங்கம் நாடு முழுவதும் மணிக்கூடுகளை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியிருந்தது. கந்தோர், ரயில், பள்ளிக்கூடம் எல்லாம் அந்தப் புது நேரத்தில் ஓடின. கோயிலும் பஞ்சாங்கமும் கிணற்றடியும் சூரியனோடு நின்றுவிட்டன. எங்கள் வீட்டில் தள்ளிவைக்க ஒரு மணிக்கூடு இல்லாததால் எங்களுக்கு நேரம் மாறவே இல்லை. கொழும்பில் புது நேரத்தோடு எழும்பிப் படுத்த அண்ணைக்கு, நேரம் என்றாலே அதுதான். ஒன்பதே முக்காலில் ஒரு மணித்தியாலத்தைக் கழிக்க எனக்குப் படிப்பு வேண்டியிருக்கவில்லை. எட்டே முக்கால்.

"அப்ப ராகு காலமெல்லோ அண்ணை?"

"ஓம்."

ஒருவருக்கும் சொல்லுவதில்லை என்று இருவரும் அந்த இடத்திலேயே முடிவெடுத்தோம். அம்மா தாங்கமாட்டார் என்று அண்ணை சொன்னார். எனக்கு அம்மாவைப் பற்றிய யோசனை இருக்கவில்லை. வெளியே காரடியில் நின்றுகொண்டிருந்த அந்தப் புது மனிதர் எத்தனை நாளைக்கு இருப்பார் என்றுதான் யோசித்தேன். கலியாண வீட்டில் மணப்பெண்ணுக்கு வரக்கூடாத யோசனை அது.

அண்ணை மணிக்கூட்டைப் பழைய நேரத்துக்குத் திருப்பி அப்பாவிடம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு கொழும்புக்குப் போனார். அதற்குப் பிறகு அவர் நெடுங்காலம் கையில் ஒன்றும் கட்டவில்லை. ஆனால் ஊர் அந்த மணிக்கூட்டை விடவில்லை. கலியாணம், புதுவீடு குடிபூருதல், ஏடு தொடக்கல் என்று ஒவ்வொருவராக வந்து இரவல் வாங்கிக்கொண்டு போனார்கள். கரவெட்டிச் சித்தப்பாகூடத் தன் மகளின் கலியாணத்துக்கு வாங்கினார். எல்லாருக்கும் அது சரியான நேரம் காட்டியது. என் ஒருத்தியின் தாலிக்குத்தான் பிழையாகப் போனது. இதைக் கேள்விப்படும்போதெல்லாம் எனக்கு அண்ணையில் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை.

நான் வாழப் போனது கொடிகாமத்துக்கு. என் கணவருக்கு அங்கே தபாற்கந்தோரில் வேலை. அதிகம் கதைக்காத மனிதர். அவருக்கும் சேர்த்து மாமி கதைத்தார். சந்தைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் மாமிக்கு ஒரே கதைதான். "எங்கடை பெடியன்ரை கலியாணம் மணிக்கூடு பாத்து நடந்தது. நிமிஷம் பிசகேல்லை." பசு நாம்பன் போடாமல் பெட்டைக் கன்று போட்டதும் அந்த முகூர்த்தத்தால். எனக்கு முதல் பிள்ளை சுகமாகப் பிறந்ததும் அந்த முகூர்த்தத்தால். மாமி சொல்லச் சொல்ல நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நல்ல மனுஷி. அவரை நான் ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன் என்ற நினைப்பு ஒரு பக்கம். எப்போது எது வந்து விழுமோ என்ற நினைப்பு மறுபக்கம். அவர் கந்தோரிலிருந்து வரக் கால் மணி பிந்தினாலும் படலையில் போய் நிற்பேன்.

இரண்டாம் வருஷம் அவருக்கு நெருப்புக் காய்ச்சல் வந்தது. இருபத்தொரு நாள். பரியாரியார் நாடியைப் பிடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போன நாட்களும் இருந்தன. மாமி தலைமாட்டில் இருந்து விசிறிக்கொண்டு, என்னைத் தேற்றினார். "நீ பயப்பிடாதை பிள்ளை. உன்ரை தாலி நல்ல நேரத்திலை ஏறின தாலி. ஒண்டும் வராது." அவர் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். நான் எழும்பிக் கிணற்றடிக்குப் போய், வாயில் சேலைத் தலைப்பை அடைத்துக்கொண்டு அழுதேன். அவர் பிழைத்து எழும்பினார். மாமியின் முகூர்த்தக் கதை இன்னும் இரண்டு முழம் நீண்டது.

சண்டை ஒருவழியாக முடிந்தது. ஒரு பின்னேரம் அவர் கந்தோரால் வந்து, சைக்கிளை மாமரத்தில் சாத்திவிட்டு, "இனிப் பழைய நேரம்தானாம். மணிக்கூடுகளைத் திருப்பச் சொல்லிக் கட்டளை வந்திட்டுது" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் தேத்தண்ணியோடு வந்து நின்றேன். எல்லாருக்கும் அந்த மணித்தியாலத்தைத் திருப்பிக் கொடுக்கிறார்கள், எனக்கு மட்டும் கொடுக்க முடியாது என்று பட்டது. மாமி கோயிலுக்குப் போயிருந்தார். குசினி வாசலில் வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உச்சிப் பூசை மணி, அண்ணையின் முகம், எட்டே முக்கால், எல்லாவற்றையும்.

அவர் தேத்தண்ணியை வாங்கிக் கீழே வைத்தார்.

"எனக்குத் தெரியும்" என்றார்.

"எப்ப தெரியும்?"

"அண்டைக்கே. கொடியைக் கையிலை எடுக்கேக்கை தட்டத்தைப் பாத்தனான். நாள் முழுக்க ரெண்டு நேரத்தோடையும் மாரடிக்கிறவனுக்கு அது எந்த நேரமெண்டு தெரியாதே?"

"தெரிஞ்சுகொண்டோ கட்டினனீங்கள்?"

"நிப்பாட்டத்தான் நினைச்சன். நிப்பாட்டியிருந்தா என்ன நடந்திருக்குமெண்டு யோசிச்சுப் பாரும். மணிக்கூட்டை ஒருத்தரும் பிழை சொல்லாயினம். உம்மடை அண்ணரையும் சொல்லாயினம். மணவறையிலை கலியாணம் குழம்பின பொம்பிளை எண்டு உம்மைத்தான் சாகுமட்டும் சொல்லுவினம்."

"பிறகெண்டாலும் எனக்குச் சொல்லியிருக்கலாமே."

"உமக்குத் தெரியாதாக்கும் எண்டு இருந்திட்டன். தெரியாமல் சந்தோசமா இருக்கட்டும் எண்டு விட்டனான்."

"உங்களுக்குப் பயமில்லையோ?"

"ஏன் இல்லை? காய்ச்சலிலை கிடக்கேக்கை அம்மா அந்த நேரத்தைப் பற்றிச் சொல்லச் சொல்ல, நல்லாப் பயந்துதான் கிடந்தன்."

எனக்கு முதலில் வந்தது கோபம். கிட்டத்தட்ட மூன்று வருஷம் ஒரே கூரைக்குள், ஒரே பயத்தை ஆளுக்காள் ஒளித்து வைத்துக்கொண்டு, நான் கிணற்றடியிலும் அவர் பாயிலுமாகக் கிடந்திருக்கிறோம். வாய்க்கு வந்தபடி ஏசினேன். ஏசி முடிந்த பிறகுதான் அவர் சொன்னது எனக்குள் இறங்கியது. தாலிக்கொடியை எடுத்துக் கழுத்தில் பூட்டுகிற அந்தச் சொற்ப நேரத்தில், தன் உயிருக்கே கேடென்று நம்பிக்கொண்டும், இவர் எனக்காக வாயை மூடியிருக்கிறார். அதுவரை அவர் என் முகத்தைச் சரியாகக் கண்டதுகூட இல்லை.