பூஜைக்கு வைத்த கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டுக்கு இன்டர்நெட் மாட்டுக்கொட்டகை வழியாகத்தான் வந்தது. இதைச் சொன்னால் இப்போது என்னோடு வேலை பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எனக்குப் பத்து வயதாக இருந்தபோது சொந்தக்காரர் வீடுகள் சேர்ந்திருந்த எங்கள் வளவில் டெலிபோன் கம்பி இருந்தது பெரியப்பா வீட்டில் மட்டும்தான். அவருடைய மகன், அதாவது என் அண்ணன், பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த வருஷமே வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டு நெட் இணைப்பும் எடுத்தான். எங்கள் வீட்டிலும் கோயமுத்தூரிலிருந்து வந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்று சும்மா கிடந்தது. அண்ணன் ஒரு நீல வயரைப் பெரியப்பா வீட்டுக் கம்ப்யூட்டரில் செருகி, காற்றுத்துவாரம் வழியாக வெளியே இழுத்து, மாட்டுக்கொட்டகை விட்டத்தோடு சேர்த்துக் கட்டி, எங்கள் சமையலறை ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்து எங்கள் கம்ப்யூட்டரில் மாட்டிவிட்டான். ஒரே இணைப்பு, இரண்டு வீடு.

மேல்மடை திறந்தால்தான் கீழ்மடைக்குத் தண்ணீர் என்று அப்பாவுக்கு அவர் பாஷையிலேயே அண்ணன் விளக்கினான். அப்பா தலையை ஆட்டினார். கோளாறு வந்தால் என்ன செய்வது என்று ஒரு நோட்டில் நான்கு விதிகள் எழுதி என்னிடம் கொடுத்துவிட்டு பெங்களூருக்குப் போனான். வளவில் நெட்டுக்கு நான்தான் பொறுப்பு என்று சொல்லிவிட்டும் போனான். அந்தத் திமிரில் நான் கொஞ்ச நாள் தரையில் நடக்கவில்லை.

எங்கள் ஊர் எல்லைக்கு மலையாளப் பக்கம். பேச்சு கோயமுத்தூர்ப் பேச்சு, பண்டிகையில் பாதி மலையாளம். சரஸ்வதி பூஜையை மலையாளத்தார் முறைப்படிதான் செய்வோம். அஷ்டமி அன்று சாயங்காலம் புத்தகங்களைப் பூஜைக்கு வைத்தால் விஜயதசமி காலையில் பூஜை எடுக்கும்வரை தொடக்கூடாது. எழுதக்கூடாது, படிக்கக்கூடாது. ஒரு துண்டுக் காகிதம் காலடியில் கிடந்தாலும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எழுத்துக்கூட்டக் கூடாது. பத்து வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல பண்டிகை உண்டா? நான் கணக்குப் புத்தகத்தை முதல் ஆளாகக் கொண்டுபோய் வைப்பேன்.

வைப்பது பெரியம்மா வீட்டில். இதில் பெரியம்மா மகா கண்டிப்பு. கூடத்தில் பலகை போட்டு, கோலம் இட்டு, எல்லாவற்றுக்கும் அடியில் முதலில் ஒரு பழுப்புநிறக் கவரை வைப்பாள். வருஷா வருஷம் அதே கவர்தான். எங்கள் காட்டு நிலத்தின் பத்திரம் என்று நான் நினைத்திருந்தேன். அதன் மேல்தான் எங்கள் புத்தகங்கள் ஏறும்.

அந்த வருஷம் பெரியம்மா வீட்டுக் கம்ப்யூட்டருக்கு முதல் பூஜை. பெரியம்மா அதையும் விடவில்லை. அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பக்கத்தில் மினுக்மினுக்கென்று கண்ணடிக்கும் மோடத்தையும் நிறுத்தி, இரண்டையும் சேர்த்துப் பட்டுத் துண்டால் மூடினாள். சந்தனம் வைக்கிற வேலை எனக்கு. மேலே, பக்கத்தில், பொத்தானில் என்று ஓரிடம் பாக்கியில்லாமல் அப்பினேன். புத்தகங்களோடு சேர்த்து, நோட்டு என்றால் நோட்டுதானே என்று, அண்ணனுடைய நான்கு விதிகளையும் கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

இனி அக்கா சங்கதிக்கு வருகிறேன். என் அக்கா பிளஸ் டூ முடித்துவிட்டு நர்சிங் படிக்க விண்ணப்பம் போட்டிருந்தாள். இரண்டு பட்டியல் வந்து, இரண்டிலும் பெயர் இல்லாமல், சமையலறையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தேங்காய் துருவிக்கொண்டிருந்தவளுக்கு மூன்றாவது பட்டியலில் இடம் வந்தது. அதுதான் கடைசிப் பட்டியல். அஷ்டமி அன்று மத்தியானம் எங்கள் கம்ப்யூட்டரிலேயே பார்த்தோம். மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்குள் அதே பக்கத்தில் போய் ‘இடத்தை ஏற்கிறேன்’ என்று அழுத்த வேண்டும். இல்லையென்றால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அக்கா அப்போதே அழுத்தப் போனாள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அஷ்டமியில் எதையும் தொடங்கக்கூடாதாம். மறுநாள் நவமி, அது மட்டும் நல்ல நாளா என்று அக்கா கேட்டதற்கு, அது சரஸ்வதிக்கே உரிய நாள், படிப்பு விஷயத்துக்குத் தோஷமில்லை என்று அம்மா சட்டம் பேசினாள். எங்கள் கம்ப்யூட்டர் மட்டும் பூஜைக்குப் போகாமல் தப்பியது இதற்காகத்தான்.

நவமி அன்று காலை பத்து மணிக்கு அக்கா தலைக்குக் குளித்து, பூ வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். நெட் வரவில்லை. திரையின் மூலையில் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி. வயர் கழன்றிருக்கிறது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி.

அப்பா உடனே மாமாவுக்கு ஆள் அனுப்பினார். மாமா என்பது அம்மாவின் தம்பி. கோயமுத்தூரில் மூன்று மாதம் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்தவர், அந்த மூன்று மாதத்தை வைத்தே ஊரில் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தவர். வந்தார். கறுப்புத் திரையைத் திறந்து தடதடவென்று தட்டினார். மறுமுனை இருக்கிறதா என்று பிங் போட்டுப் பார்க்கிறேன் என்றார். பதில் வரவில்லை. நம்பர்களை மாற்றினார், மறுபடி பழைய நம்பரையே போட்டார். கம்ப்யூட்டரை நாலு தடவை அணைத்து எழுப்பினார். என்னிடம் விதிகளைக் கேட்டார்கள். நோட்டு பூஜையில் இருந்தது, பூஜையில் இருப்பதைப் படிக்க முடியாது. ஞாபகத்திலிருந்து சொன்னேன்: இரண்டாவது, வயரைக் கழற்றி மாட்டு. மூன்றாவது, அணைத்துப் போடு. நான்காவது, எனக்குப் போன் பண்ணு. முதல் விதி மட்டும் ஞாபகம் வரவில்லை. அது ரொம்பச் சுலபமாக இருந்ததால் நான் மனப்பாடம் செய்யவே இல்லை.

நான்காவது விதிப்படி அண்ணனுக்குப் போன் போட்டால், அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னது. பண்டிகைக்காக அவன் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தான்.

திரையே வயர் கழன்றது என்று சொல்லும்போது வயரில்தான் கோளாறு என்று மாமா முடிவுகட்டினார். தப்பு சொல்ல முடியாது. ஏணி போட்டுக் கொட்டகை மேல் ஏறி, வயரை அங்குலம் அங்குலமாகத் தடவிக்கொண்டே போனார். நடுவில் ஓரிடத்தில் அணில் பல் பட்டது மாதிரி ஒரு கீறல். பிடித்துவிட்டேன் என்று மேலிருந்து கத்தினார். அந்த இடத்தில் கத்தியால் அறுத்தார். உள்ளே எட்டு நிறத்தில் எட்டு இழை இருந்தது. அவர் எதிர்பார்த்தது இரண்டு. ஒவ்வொன்றாக முறுக்கி, டேப் சுற்றி இறங்கும்போது ஒரு மணி. சிவப்புக் குறி அப்படியே இருந்தது.

“மாப்ள, ஆகுமா ஆகாதா? ஒத்த வார்த்தைல சொல்லு” என்றார் அப்பா.

“ஆயிருமுங் மச்சா” என்றார் மாமா. அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

அப்பா அவரை நம்பாமல் பைக்கை எடுத்துக்கொண்டு பிரௌசிங் சென்டர் தேடிப் போனார். பக்கத்து டவுன் கொழிஞ்சாம்பாறையில் இரண்டு கடை, இரண்டும் அடைப்பு. எல்லை தாண்டித் தமிழ்ப் பக்கம் போனால் அங்கே ஒரு கடை திறந்திருந்தது. உள்ளே வரிசையாக ஆறு கம்ப்யூட்டர், ஆறுக்கும் மாலை. பூஜை போட்டாயிற்று, ஆறு மணிக்கு மேல் வாருங்கள் என்று கடைக்காரர் பொரி கொடுத்து அனுப்பினாராம். அப்பா பொரிப் பொட்டலத்தோடு திரும்பி வந்தபோது மணி மூன்றரை. அதைப் பார்த்ததும் அக்கா உடைந்துவிட்டாள். சத்தம் போட்டு அழவில்லை. காலையில் வைத்த பூவை எடுத்து மேஜை மேல் வைத்தாள், அவ்வளவுதான். அம்மா, எல்லாம் என்னால்தான் என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அந்தப் பூவை எடுத்து அக்காவிடமே நீட்டினேன். ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும், அக்கா போகாவிட்டால் இரவில் என்னோடுதானே படுத்துக்கொள்வாள் என்றும் ஒரு ஓரத்தில் தோன்றியது.

நாலேகாலுக்கு அப்பாவின் போன் அடித்தது. அண்ணன். பஸ் வாளையார் செக்போஸ்ட்டில் லாரி வரிசையில் மாட்டி நின்றதால் தூக்கம் கலைந்து போனைப் போட்டிருக்கிறான். அப்பா காலையிலிருந்து நடந்ததை ஒப்பிக்கத் தொடங்கினார். அண்ணன் பாதியில் நிறுத்திக் கேட்டது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

“சித்தப்பா, எங்கூட்டு சிஸ்டம் ஓடுதுங்களா?”

அதுதான் முதல் விதி.

“பூசைல இருக்குது, கண்ணு” என்றார் அப்பா. சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே புரிந்தது. மாமா தலையைக் குனிந்து தன் டேப் உருண்டையைப் பார்த்தார். ஆறு மணி நேரம் கீழ்மடையில் மண்வெட்டி போட்டுக்கொண்டிருந்திருக்கிறோம். இனி மேல்மடையைத் திறந்தாலும் மாமா அறுத்த வயரில் தண்ணீர் வராது. பெரியம்மா வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னாலேயே போய் உட்கார வேண்டும்.

ஆனால் யார் போய்க் கேட்பது? பூஜையில் இருப்பதை எடுத்துக் கொடு என்று பெரியம்மாவிடம் கேட்க அப்பாவுக்குத் துணிச்சல் இல்லை. அம்மாவுக்கு அறவே இல்லை. சரஸ்வதி கோபித்துக்கொண்டால் கிடைத்த இடமும் கைக்கு ஒட்டாது என்றாள். கடைசியில் என்னை அனுப்பினார்கள். சின்னப் பிள்ளையிடம் மாட்டேன் என்று சொன்னால் இரண்டு வீட்டுக்கும் மனஸ்தாபம் வராது என்ற கணக்கு.

எனக்கும் ஒரு பயம் இருந்தது. பூஜையைக் கலைத்தால் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும், கணக்குப் புத்தகமும் கைக்கு வந்துவிடும். அந்தக் கவலையோடுதான் போனேன்.

பெரியம்மா பலகைக்கு முன்னால் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தாள். வாசல்படியிலேயே நின்று சொன்னேன்.

“பெரிம்மா, அக்காளுக்கு நெட்டு வேணுமாமுங். அஞ்சு மணிக்குள்ள ஒரு பட்டன அமுத்தோணுமாம். இல்லீனா எடம் போயிருமாமுங்.”

அவள் கை நின்றது. “எடம் வந்தது எப்பத் தெரிஞ்சுது?”

“நேத்து மத்தியானமுங்.”

“அப்புறம் ஏன் இத்தன நேரம் வெச்சிருந்தீங்க?”

அஷ்டமி என்று அம்மா சொன்னதைச் சொன்னேன். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் மடியிலிருந்த பூவைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

“ஓடு. அக்காளக் கூட்டியா.”

அக்காவை அழைத்துக்கொண்டு நான் திரும்பியபோது பட்டுத் துண்டு மடித்து ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. பின்னாலேயே வந்த அப்பா, வேண்டாமென்றால் விட்டுவிடலாம் அண்ணி, பூஜை விஷயம் என்று இழுத்தார். பூஜையைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி பெரியம்மா அவரை முடிக்கவிடவில்லை. மோடம் கண்ணடித்தது. கம்ப்யூட்டர்தான் எழவில்லை. பொத்தானை அமுக்கினால் உள்ளேயே நின்றது. நான் அப்பிய சந்தனம் இடுக்கில் இறங்கிக் காய்ந்து கெட்டியாகிவிட்டிருந்தது. மாமா தொடப் போனார். “நீங்க தள்ளி நில்லுங்க, தம்பி” என்று பெரியம்மா தன் கொண்டை ஊசியை உருவி, பொத்தானைச் சுற்றி மெதுவாகச் சுரண்டினாள். டக்கென்று வெளியே வந்தது. மணி நாலு நாற்பது.

அக்கா பலகையின் ஓரமாக, புத்தகங்கள் மேல் கால் படாமல் ஒருக்களித்து உட்கார்ந்து தட்டினாள். பெரியம்மா அவள் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, என்ன வருகிறது, வாய்விட்டுப் படி என்றாள். பூஜை நடுவில் படிக்கச் சொல்கிறாளே என்று அம்மா வாயில் கைவைத்தாள். அக்கா வரிவரியாகப் படித்தாள். தன் பெயர், கல்லூரியின் பெயர், ஏற்கிறேன். அழுத்தினாள். பச்சையாக ஒரு வரி வந்தது. அதையும் படிக்கச் சொல்லி, இரண்டாம் தடவையும் படிக்கச் சொல்லிக் கேட்டாள் பெரியம்மா. நாலு ஐம்பத்திரண்டு. அம்மா அழுதாள், மாமா அழுதார், அக்கா மட்டும் சிரித்தாள்.

எல்லோரும் போன பிறகு பெரியம்மா மறுபடி எல்லாவற்றையும் மூடி அடுக்கினாள். அந்தக் கவரை எடுத்து முந்தானையால் துடைத்து, கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். காட்டுப் பத்திரமா என்று கேட்டேன்.

“எனக்கு வந்த கடுதாசி, கண்ணு.”

“என்னங் எழுதியிருக்குது?”

“வந்தன்னிக்கே படிச்சிருக்கோணும்” என்றாள்.

நான் அவசரமாக அடுத்த கேள்விக்குப் போனேன். பூஜையை நடுவில் எடுத்தாகிவிட்டதே, இனி என் கணக்குப் புத்தகம்? பெரியம்மா சிரித்துவிட்டாள். உன் புத்தகத்தை யாரும் தொடவில்லை, நாளைக்குத்தான் என்றாள். எனக்கு அது போதுமாக இருந்தது. துள்ளிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

அக்கா நர்சாகி, அவள் மகளுக்கே பள்ளிக்கூடம் போகிற வயதான பிறகு, அந்தக் கவரைப் பற்றி அம்மாதான் ஒரு நாள் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். கல்யாணத்துக்கு முன்னால் கான்வென்ட் ஒன்றில் டீச்சர் டிரெய்னிங்குக்கு நேர்முகம் என்று பெரியம்மாவுக்கு வந்த கடிதம் அது. அஷ்டமி அன்று சாயங்காலம், புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருக்கும்போது தபால்காரர் கொண்டுவந்திருக்கிறார். பூஜை எடுத்த பிறகு பிரிக்கலாம் என்று அவளுடைய அப்பா அதை வாங்கிப் பலகையில் வைத்துவிட்டார். விஜயதசமி காலையில் பிரித்தார்கள். நேர்முகம் நவமி அன்று.

ஒவ்வொரு வருஷமும் அந்தக் கவரின் மேல்தான் என் கணக்குப் புத்தகத்தை வைத்தேன், மூன்று நாள் படிக்க வேண்டாம் என்ற சந்தோஷத்தில்.