திங்கட்கிழமைப் போதகர்கள்

போதகர்களுக்குப் பாடம் எடுப்பது சமையல்காரர்களுக்கு விருந்து வைப்பது போன்ற வேலை. எதிரில் இருக்கும் அத்தனை பேரும் பேசிப் பழகியவர்கள். கேட்டுப் பழகியவர் ஒருவர்கூடக் கிடையாது. என்னைப் போல இந்தத் தொழிலில் வந்து மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கிடங்கின் மாடியில், திங்கட்கிழமைதோறும், தமிழ்ச் சபைகளின் போதகர்கள் பதினொரு பேருக்கு இறையியல் சொல்லிக்கொடுக்கிறேன். இந்த வருடம் எங்கள் கமிட்டிக்கு ஞானம் பிறந்து, ஆறு மாதம் பாடத்தைக் கைப்பேசியில் நடத்தச் சொன்னார்கள். பிறகு மாடி வேண்டுமா, கைப்பேசியே போதுமா என்று நான் அறிக்கை எழுதித் தர வேண்டும். மாடியை விட எனக்கு மனசில்லை. எனவே ஆதாரம் தேட ஆரம்பித்தேன்.

படகில் பிரசங்கம்

ஜோபி கொச்சியிலேயே பிறந்து வளர்ந்த இளம் போதகர். தமிழில் பேசுவார், மலையாள எழுத்தில் குறிப்பெடுப்பார். பிரசங்கப் பயிற்சியில் அவர் முறை வந்தபோது, வைப்பின் தீவிலிருந்து வண்டிகளை ஏற்றி வரும் ஜங்கார் படகில் நின்றுகொண்டிருந்தார். பரவாயில்லை, பேசுங்கள் என்று சொன்னது என் தப்பு.

மன்னிப்பைப் பற்றி அவர் உருக்கமாகப் பேச, பின்னால் ஸ்கூட்டர்க்காரர்கள் ஹாரன் அடிக்க, எனக்குப் பாதி காதில் விழவில்லை. முதலிலிருந்து சொல்லச் சொன்னேன். சொன்னார். படகு கரை சேர்ந்துவிட்டது, மனுஷன் வழியை விட்டு நகரவில்லை. மீன் கூடையோடு நின்ற ஒரு சேச்சி அவர் தோளுக்கு மேலாகத் திரையில் என்னை எட்டிப் பார்த்துச் சொன்னார்: "டீச்சரே, ஈ ஆளெ ஒந்நு ஜெயிப்பிச்சு விடு. எனிக்கு இறங்ஙணும்."

ஒரே பட்டி

பாஸ்டர் அருள் விருதுநகர் பக்கத்திலிருந்து வந்தவர். மலையாளம் சுத்தமாகத் தெரியாது. சபை என்பது ஒரே பட்டியில் அடையும் ஆடுகள் என்று பயிற்சியில் பேசினார். திரையில் யாரும் எதுவும் சொல்லவில்லை. மதிப்பெண் தாளைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் மண்டையில் உறைக்கவில்லை. நன்று என்று எழுதினேன்.

அடுத்த வாரம் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை தமிழர், பெண் கும்பளங்கிக்கார மலையாளி. அருள் இரண்டு வீட்டாரையும் பார்த்துக் கைகளை விரித்து, இன்றுமுதல் நீங்கள் எல்லாரும் ஒரே பட்டி என்று மூன்று தடவை அறிவித்தார். மலையாளத்தில் பட்டி என்றால் நாய். பெண்ணின் அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அவரைத் திரும்பக் கூட்டிவர அரை மணி நேரம் பிடித்தது.

அருள் இதைச் சொல்லி அழாத குறை. மாடியில் பாடம் நடந்திருந்தால் யாராவது அப்போதே சிரித்துக் காட்டிக்கொடுத்திருப்பார்களே என்று ஜோபியிடம் ஆற்றாமையோடு கேட்டேன். அவர் சொன்னார்: "நான் அன்னைக்கே நல்லா சிரிச்சேன் டீச்சரே. ஆனா மியூட்டுல இருந்தேன்."

துக்க வீடு

பாஸ்டர் தங்கராஜின் சபையில் பெரும்பாலும் கட்டட வேலை செய்கிறவர்கள். கைப்பேசிப் பாடத்தில் அவர் ஒருநாளும் கேமராவைத் திறந்ததில்லை. கேள்வி கேட்டால் "ஆமா டீச்சர்" என்பதோடு சரி. மூன்று தடவை எச்சரித்தேன். கடைசியில் அவர் பெயருக்கு நேரே சிவப்பு மையில் 'ஈடுபாடு போதாது' என்று எழுதினேன். கைப்பேசி ஆளைச் சோம்பேறியாக்கும் என்பதற்கு அவர்தான் என் முதல் ஆதாரம்.

ஆறு மாதம் முடிந்ததும் எல்லாரையும் மாடிக்கு வரச்சொன்னேன். அன்றைய பாடம், துக்க வீட்டுக்குப் போவது எப்படி. ஒருவர் நாற்காலியில் பறிகொடுத்தவராக உட்கார வேண்டும், மற்றவர்கள் வந்து ஆறுதல் சொல்ல வேண்டும். யாரும் கேட்காமலே தங்கராஜ் போய் உட்கார்ந்தார். முதலில் போன அருள் எதிரில் நின்று கண்ணை மூடி, தங்குதடையில்லாமல் ஜெபித்தார். எனக்குத் திருப்திதான். அவர் ஆமென் சொன்னதும் தங்கராஜ் மெதுவாகக் கேட்டார்: "அவ பேரு என்னன்னு கேக்கலையே, பாஸ்டர்."

இதுவும் பயிற்சிதான் என்று நினைத்து அருள் பெயரைக் கேட்டார்.

"எஸ்தர். என் வீட்டுக்காரி. ஊருக்குக் கொண்டுபோய் அடக்கம் பண்ணி மூணு வாரம் ஆச்சு."

அறை நிறையப் போதகர்கள். ஜோபி மட்டும் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். எஸ்தர் இருந்தவரை தங்கராஜ் பாடம் கேட்டதெல்லாம் ஆஸ்பத்திரியில், அவள் கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து என்று அப்போதுதான் சொன்னார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அந்தக் கேமராவை ஒரு தடவையாவது திறந்திருக்கலாமே என்றேன். அவர் கோபப்படவில்லை.

"திறந்திருந்தா பத்துப் பேரும் சேர்ந்து ஜெபம் பண்ண ஆரம்பிச்சிருப்பீங்க டீச்சர். அவ அப்பத்தான் தூங்கிக்கிட்டிருப்பா."

மாடி வேண்டும் என்றே அறிக்கை எழுதிக் கொடுத்தேன். அங்கே வந்து படிக்க வேண்டிய முதல் ஆள் டீச்சர்தான் என்ற வரியை மட்டும், என்னை நியமித்த கமிட்டியின் மனம் நோகக் கூடாதே என்று அடித்துவிட்டேன்.