பாங்கு நேரத்தில் பூதம்

2007இல் வவுனியாவில் நெற் கஃபே நடத்திய லதீபா ராத்தா, எங்கள் இணைய விளையாட்டில் கேடயம் ஏந்தும் ‘பலடின்’ வீராங்கனை. நாங்கள் வெட்டும்போது பூதத்தை விடாமல் சீண்டி, அடியெல்லாம் தானே வாங்குவார்.

“அது என்னைத்தான் பாக்கோணும்” என்பார்.

ஒருநாள் பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்டதும், நழுவிக் கிடந்த முக்காட்டைத் தலைக்கு இழுக்க அவரது இரு கைகளும் விசைப்பலகையை விட்டன. சீண்டல் நின்ற கணத்தில் பூதம் எங்கள் பக்கம் திரும்பி எல்லோரையும் கொன்றது.

“கொஞ்சம் பொறுத்திருக்கலாமே, ராத்தா!” என்று கத்தினேன்.

“பாங்கு பொறுக்குமா?” என்றார்.

மறுநாள் முக்காட்டுக்கு ஊசி குத்திக்கொண்டு உட்கார்ந்தார். பூதம் தள்ளாடும் நேரம் பாங்கு ஒலித்தது. பழக்கத்தில் கை முக்காட்டுக்குப் போகுமா? நாங்கள் எல்லோரும் வெட்டுவதை விட்டுவிட்டு அவரையே பார்த்தோம்.

“டேய், பூதந்தான் என்னைப் பாக்கோணும், நீங்களில்ல!”