இரண்டாம் மாடியில் நின்ற லிஃப்ட்

அந்த ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டும் பெண்ணை எல்லோரும் லிஃப்ட்டக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பதினோரு வருஷமாக ஒரு முக்காலியில் உட்கார்ந்து மேலும் கீழும் போய் வந்தவள். வாய் ஓயாது. யாருக்கு எந்த வார்டு, யாருக்கு என்ன சீக்கு, எல்லாம் அத்துப்படி. நாலாம் மாடியில் குறைமாதக் குழந்தைகளின் வார்டை நடத்தும் பெரிய டாக்டர் ஏறினால் மட்டும் அந்த வாய்க்குப் பூட்டு விழும்.

காரணம் அவள் மகள். ஏழாம் மாதத்திலேயே பிறந்தவள்; ஒரு கிலோகூட இல்லை. அறுபத்தொரு நாள் அவர் வார்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். பிழைக்க வைத்தவர் அவர்தான். அதை லிஃப்ட்டக்கா ஒருநாளும் மறுத்ததில்லை. பிறந்த ஐந்தாம் மாதம், பிள்ளையின் கை முஷ்டி விரியவில்லை, கால் இரண்டும் கட்டை மாதிரி விறைக்கிறது என்று அவரிடம் ஓடினாள். அவர் பிள்ளையை எடைத் தட்டில் போட்டுப் பார்த்தார்.

“எடை நல்லா ஏறுது. குறைமாசக் குழந்தைன்னா மெதுவாத்தான் வரும். போகப் போகச் சரியாயிடும்.”

“இல்ல சார், துணி மாத்தக்கூட கால் விரிய மாட்டேங்குது...”

“நீ டாக்டரா, நான் டாக்டரா?”

எட்டாம் மாதமும் அதே பதில்தான். லிஃப்ட் ஓட்டுகிறவள் அதற்குமேல் என்ன பேசுவாள்? நம்பினாள்.

பிள்ளைக்கு ஒன்றேகால் வயதானபோது, ஒரு நாள் வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் மடியில் வைத்துக்கொண்டே வேலைக்கு வந்தாள். இரண்டாம் மாடியில் இறங்க வேண்டிய பிசியோதெரபிஸ்ட் பெண் இறங்கவில்லை. கத்தரிக்கோல் போலப் பின்னிக்கிடந்த அந்தச் சின்னக் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அக்கா, இவளை எங்ககிட்ட யாரும் அனுப்பலையா?”

இரண்டாம் மாடிக் கோடியில் ஓர் அறை. குழந்தை வளர்ச்சி டாக்டர், பிசியோதெரபிஸ்ட், பேச்சும் விழுங்கலும் பழக்குகிறவர், குடும்பங்களோடு பேசும் சமூகப் பணியாளர், எல்லோரும் தரை விரிப்பில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளையைத் தொடும் முன் தாயைக் கேட்டார்கள்: “நீங்க சொல்லுங்கம்மா. வீட்டுல எது கஷ்டமா இருக்கு?”

அதுவரை அவளை யாரும் கேட்காத கேள்வி. சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. மூளையில் பட்ட பாதிப்பால் தசை இறுகும் சீக்கு என்றார்கள். எப்படித் தூக்குவது, எப்படிச் சாய்த்து ஊட்டுவது, துணி மாற்றும்போதே காலை எப்படி இளக்குவது என்று அவள் கையைப் பிடித்தே காட்டிக் கொடுத்தார்கள். மறுநாள் புருஷனையும் கூட்டி வரச் சொன்னார்கள்.

கிளம்பும்போது பிசியோதெரபிஸ்ட் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். “மூணாம் மாசமே வந்திருந்தா இவ்வளவு இறுகியிருக்காதுக்கா.”

அந்த அறை பெரிய டாக்டரின் வார்டுக்கு இரண்டே மாடி கீழே இருந்தது. தினமும் அதைத் தாண்டித்தான் அவர் போய் வந்தார். கொண்டுபோய் விட்டவளே இவள்தான்.

அன்றிலிருந்து வீட்டில் அவளுக்கு இதே பேச்சுதான். “விட்டுத் தொலை. காப்பாத்தினவரும் அவர்தானே” என்றான் புருஷன்.

“அதுக்குக் கையெடுத்துக் கும்பிட்டாச்சு. இதுக்கு விட மாட்டேன்.”

மறுநாளிலிருந்து, நாலாம் மாடியில் எந்தத் தாய் குழந்தையோடு ஏறினாலும் லிஃப்ட் இரண்டாம் மாடியில் நின்றது.

“எறங்கும்மா. கோடி அறை. பேரைக் குடுத்துட்டு வா, அப்புறம்தான் வண்டி கீழே போகும்.”

“பெரிய டாக்டர் ஒண்ணும் சொல்லலையேக்கா?”

“அவர் சொல்ல மாட்டார். அதான் நான் சொல்றேன்.”

இரண்டு வருஷம் இப்படியே ஓடியது. விஷயம் அவர் காதுக்கு எட்டியது. ஒரு மத்தியானம் தனியாக ஏறினார்.

“தாய்மாரைப் பயமுறுத்தி அந்த ரெண்டாம் மாடி விளையாட்டுக் கூடத்துக்கு அனுப்புறியாமே? லிஃப்ட்டை ஓட்டு. வைத்தியம் பண்ணாதே.”

மூன்றாம் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவே சிவப்புப் பட்டனை அழுத்தினாள். லிஃப்ட் குலுங்கி நின்றது. அவர் கதவைத் தட்டினார். செல்போனில் சிக்னல் இல்லை. சட்டைக் காலரைத் தளர்த்தினார்.

“ஏதாவது பண்ணு! யாரையாவது கூப்பிடு!”

“எதுக்கு சார் அவசரம்? போகப் போகச் சரியாயிடும்.”

அவருக்கு உறைத்தது. அவள் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, அவர் வியர்த்து வழிவதைக் கண்கொட்டாமல் பார்த்தாள். பத்து நிமிஷம். அத்தனை இனித்த பத்து நிமிஷம் அவள் ஆயுளில் அதற்குமுன் வந்ததில்லை.

புகார் போனது. விசாரணை அறையில் ஆஸ்பத்திரித் தலைவர் கேட்டார், “வேணும்னே நிறுத்தினியா?”

“ஆமா சார். வேணும்னுதான்.”

மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். அது மட்டும் முடியாது என்றாள். அந்த நேரம் பார்த்து இரண்டாம் மாடிக் குழு மொத்தமும் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது. பிசியோதெரபிஸ்ட் ஒரு பதிவேட்டை மேசையில் விரித்தாள். ‘அனுப்பியவர் யார்’ என்ற இடத்தில், நாற்பத்து மூன்று குழந்தைகளுக்கு நேரே ‘லிஃப்ட்டக்கா’ என்று இருந்தது.

“பெரிய டாக்டர் அனுப்பினது எத்தனை?” என்றார் தலைவர்.

“ஒண்ணுகூட இல்ல சார்.”

பெரிய டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

இரண்டு உத்தரவுகள் வந்தன. ஒன்று, இரண்டாம் மாடிக்குத் தேதிச் சீட்டு வாங்காமல் நாலாம் மாடிக் குழந்தை எதுவும் வீட்டுக்குப் போகக் கூடாது. அந்தச் சீட்டில் பெரிய டாக்டரே கையெழுத்துப் போட வேண்டும். இன்னொன்று, லிஃப்ட்டக்காவுக்குச் சலவைப் பிரிவுக்கு மாற்றம். ஒவ்வொரு சீட்டிலும் அவர் பேனா நகர்வதை நினைத்துக்கொண்டே அவள் போர்வைகளை மடித்தாள்.

மகளுக்கு இப்போது ஆறு வயது. வாக்கரைப் பிடித்து நடக்கிறாள். வாயில் அம்மாவையே மிஞ்சுகிறாள். வாக்கர் இல்லாமல் நடப்பாளா என்று கேட்டால், குழுவினர் தெரியாததைத் தெரியாது என்றே சொல்கிறார்கள்.

போன மாதம் சலவைக் கூட வாசலில் பெரிய டாக்டர் வந்து நின்றார். ஓய்வு பெறுகிறாராம்.

“உன் பொண்ணை நான் அன்னிக்கே கீழே அனுப்பியிருக்கணும்மா.”

“ஆமா சார். அனுப்பியிருக்கணும்.”

“மனசுல வச்சுக்காதே...”

“வச்சுப்பேன் சார். போயிட்டு வாங்க.”

அவர் திரும்பி நடந்தார். அவள் அடுத்த போர்வையை உதறினாள். நாலு மணிக்கு மகளுக்குப் பயிற்சி. அதற்குள் ஆறு மூட்டை கட்டியாக வேண்டும்.