உப்புப் பூத்த முகங்கள்

லண்டனுக்கு வருமுன் பதினொரு வருடம் ஜெர்மனியில் கட்டடங்களுக்குச் சூடேற்றும் ஹீற்றிங் வேலை செய்தேன். இங்கே எட்மண்டனில் ஊர்க்காரர் ஒருவரோடு கூட்டுச் சேர்ந்து அதே வேலையைத் தொடங்கினேன். என்னைவிட மூத்தவர் என்பதால் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். வீடுகள், கடைகள் என்று செய்துகொண்டிருந்த எங்களுக்கு ஒரு தேவாலய வேலை கிடைத்தது.

நகரத்தின் வடக்கு ஓரத்தில், பஸ் டிப்போவுக்குப் பின்னால் நின்ற மிகப் பழைய கோயில் அது. அதன் சாவிகளையும் திருத்த வேலைகளையும் ஓய்வுபெற்ற தாதி ஒருவர் பார்த்துவந்தார். ஆங்கிலேயப் பெண்மணி, கறாரானவர். முதல் நாளே வாசலோரம் இருந்த ஞானஸ்நானத் தொட்டியைக் காட்டி, "இதில் மட்டும் ஏணி படக்கூடாது. எண்ணூறு வருடத்துக் கல்" என்றார்.

இடுப்பளவு உயரமான சுண்ணாம்புக்கல் தொட்டி. சுற்றிவர எட்டு முகங்கள். ஒன்று நாக்கை நீட்டியிருந்தது. ஒன்றின் வாயிலிருந்து கொடிகள் வெளியே வந்தன. இன்னொன்று கண்ணை மூடியிருந்தது. தூக்கமா சாவா என்று சொல்ல முடியாது. குழந்தைக்குத் தண்ணீர் விடுகிற இடத்தில் எதற்கு இந்த முகங்கள் என்று கேட்டேன்.

"கெட்டது கிட்ட வராமல் இருப்பதற்கு என்று சொல்வார்கள். உண்மையில் யாருக்கும் தெரியாது."

சூடான காற்று தரையிலிருந்து மேலே வருவதற்கு ஒரு வாய் வைக்க வேண்டும். வரைபடத்தில் அது வடக்குச் சுவரோரம் இருந்தது. அங்கே கிளறினால் கல்லறைக் கற்களைத் தூக்க வேண்டும், அனுமதிக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தொட்டிக்குப் பக்கத்திலோ குழாய் போடத் தோதாகத் தரைக்கடியில் பழைய கால்வாய் ஒன்று தயாராகக் கிடந்தது.

"அண்ணை, தொட்டிக்கு நல்லாக் கிட்ட வருது" என்றேன்.

"கல்லுக்கென்ன காய்ச்சலே வரப்போகுது? போடும்."

ஈரம் ஊறிய பழைய கல்லைச் சூட்டால் காயவைத்தால் உள்ளேயிருக்கும் உப்பு வெளியே வந்து கல்லைத் தின்னும். ஜெர்மனியில் அதைக் கண்ணால் கண்டவன் நான். அந்த அம்மா என்னிடம்தான் கேட்டார்: "தொட்டிக்கு ஒன்றும் ஆகாதே?"

"ஆகாது" என்றேன். வாயை அங்கேயே வைத்தோம்.

டிசம்பரில் சரிபார்க்கப் போனபோது முகங்களின் மேல் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. கண் மூடிய முகத்தின் காது, விரல் பட்டதும் மணலாகக் கொட்டியது. யாரும் வருவதற்குள் உள்ளங்கையால் கூட்டி அள்ளி ஒரு ரிஷ்யூக் கடதாசியில் சுற்றிப் பொக்கற்றில் போட்டுக்கொண்டேன்.

"அண்ணை, கல்லு உதிருது."

"கோயில்காரர் ஏதும் சொன்னவையோ?"

"இல்லை."

"பிறகென்ன? பேசாம இரும்."

பேசாமல் இருந்தேன். ஜனவரியில் அந்த முகத்துக்கு மூக்கும் இல்லை. திரும்பவும் கூட்டி அள்ளினேன். அந்த நாட்களில் வீட்டில் மனைவி மா அரித்தால் நான் குசினியை விட்டு எழுந்து போய்விடுவேன். என்ன பிடித்தது உங்களுக்கு என்று கேட்டாள். வேலைக் களைப்பு என்றேன்.

பெப்ரவரியில் ஒரு ஞாயிறு காலை அந்த அம்மா போன் செய்தார். சூடு ஏறிக்கொண்டே போகிறது, குறைக்க முடியவில்லை, இன்றைக்கு ஒரு ஞானஸ்நானம் வேறு என்றார். நான் போய்ச் சேரும்போது ஆராதனை தொடங்கிவிட்டது. கருவிப் பையோடு தூணோரம் நின்றேன். தாய், தகப்பன், பாதிரியார் மூவரும் தொட்டியைச் சூழ நின்றார்கள். குழந்தை பாதிரியார் கையில் இருந்தது.

விரல் நெட்டி முறிப்பதுபோல ஒரு சத்தம் கேட்டது. வேறு யாரும் திரும்பவில்லை. பாதிரியார் தண்ணீரை அள்ளினார். மறுபடியும் சத்தம், இம்முறை பலமாக. ஓடிப்போய்த் தாயை இழுத்துவிடலாமா என்று நினைத்தேன், போகவில்லை. கண் மூடிய முகம் பாதியாகப் பிளந்து அவளுடைய சப்பாத்துக்குப் பக்கத்தில் விழுந்தது.

ஒருவருக்கும் அடிபடவில்லை. குழந்தை வீரிட்டு அழுதது. தகப்பன் பதறிச் சிரித்தான். பாதிரியார் சொல்ல வேண்டியதைத் தொடர்ந்து சொன்னார். அந்த அம்மா கல்லைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

எல்லோரும் போனபின் துண்டுகளைத் துவாயொன்றில் பொறுக்கிக்கொண்டிருந்தவரிடம் போனேன்.

"எனக்கு முதல் நாளே தெரியும். ஆகாது என்று சொன்னது பொய்."

"டிசம்பரில் தூசியில் உங்கள் விரல் அடையாளத்தைப் பார்த்தேன்" என்றார், நிமிராமலே.

"பிறகு ஏன் சொல்லவில்லை?"

ஆட்கள் எழுந்துபோன மர வாங்குகளைக் கையால் காட்டினார். "போன குளிருக்கு இங்கே ஆறு பேர். இந்தக் குளிருக்கு முப்பது பேர். குளிர்க்கோட்டைக் கழற்றிவிட்டு இருந்தார்கள். அதனால் நானும் வாயைத் திறக்கவில்லை."

அன்றே சூட்டை நிறுத்தினோம். பிறகு அனுமதி பெற்று வடக்குச் சுவரோரம் நானே கிளறினேன். அண்ணை வரவில்லை. "பிழையை ஒத்துக்கொண்டது நீர், நீரே செய்யும்" என்றார். அந்தக் கோடையோடு எங்கள் கூட்டு முடிந்தது.

பழைய கற்களைப் பழுதுபார்க்கும் நிபுணர் ஒருவர் வந்து ரோர்ச் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். எழும்பிய உப்பு திரும்பப் படுக்காது, மெதுவாக்கலாம், அவ்வளவுதான் என்றார். தொட்டி விளிம்பில் மயிரிழை போலொரு வெடிப்பு இருந்தது. அது முடியும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனார்.

ஒவ்வொரு ஒக்ரோபரும் அங்கே ஹீற்றிங் சேர்விஸுக்குப் போகிறேன். போன தடவை வெடிப்பு அந்தக் கோட்டைத் தாண்டி ஒரு பெருவிரல் அகலம் போயிருந்தது. உடனே அந்த அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக் குனிந்து வெகுநேரம் பார்த்தார். மார்ச்சில் இரண்டு குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் இருக்கிறது, தொட்டியில் தண்ணீர் விடலாமா என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன்.

இப்போது மேசையொன்றில் கிண்ணம் வைத்துத்தான் ஞானஸ்நானம் செய்கிறார்கள். தொட்டியைச் சுற்றிக் கயிறு கட்டியிருக்கிறது. குழந்தையோடு வருபவர்களை அந்தப் பக்கம் போகவேண்டாம் என்று வாசலிலேயே சொல்லிவிடுகிறார்கள்.