கலெக்டரம்மாவின் கார் கப்பலேறிய கதை

வெளிநாட்டு வேலை உறுதியான அன்று சம்பளம், வீடு, விடுமுறை எல்லாவற்றையும் விட்டுவிட்டு, கலெக்டரம்மா போனில் கேட்ட முதல் கேள்வி, "என் காரைக் கொண்டு வரலாமா?" என்பதுதான். எதிர்முனையில் இருந்தவர் கேள்வியை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். இப்படியொரு கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை போலும். பிறகு, விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார்.

அவள் கலெக்டர் எல்லாம் இல்லை. பல் கட்டும் லேபில் வேலை பார்ப்பவள். டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்துக்கொண்டு மெழுகில் பல் செதுக்கி, அதைப் பொய்ப்பல் செட்டாக ஆக்கிக் கொடுப்பாள். அவள் செய்த பல்லை மாட்டிக்கொண்டு கரும்பு கடித்ததாகச் சொன்னவர்கள் உண்டு. கலெக்டர் என்பது அண்ணன் வைத்த பெயர். கைக்குழந்தையாக இருந்தபோது வந்த காய்ச்சல் அவளுடைய வலது காலை முழுதாகவும் இடது காலில் பாதியையும் வாங்கிக்கொண்டு போய்விட்டது. அதனால் உட்கார்ந்த இடத்தில் இருந்தே ஊரை ஏவக் கற்றுக்கொண்டாள். "தண்ணி கொண்டா, ஜன்னலைச் சாத்து, அந்தப் பக்கம் யாரு போறாங்க பாரு" என்று நாள் முழுக்க உத்தரவு. ஏவியதற்கெல்லாம் ஓடியவர் அண்ணன்தான். பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனவரும் அவரே.

அந்தக் காரும் அவர் கொடுத்ததுதான். அண்ணன் வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் ஷெட் வைத்திருக்கிறார். யாரோ வேண்டாமென்று விட்டுப்போன ஒரு சின்னக் காரை வாங்கி, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு கம்பியைப் பொருத்தினார். இழுத்தால் வண்டி வேகமெடுக்கும், தள்ளினால் பிரேக் பிடிக்கும். காலுக்கு ஒரு வேலையும் இல்லை. அதைப் பரிசோதிக்கச் செய்து முறைப்படி சான்றும் வாங்கி, மஞ்சள் பெயிண்ட் அடித்து, தங்கை கையில் சாவியைக் கொடுத்தார்.

முதல் நாள் தனக்குப் பக்கத்தில் அண்ணனை உட்கார வைத்துக்கொண்டு கிளம்பினாள். ஒரு சுற்று சுற்றி வந்து வீட்டு வாசலில் நிறுத்த வேண்டும் என்பது ஏற்பாடு. வீடு வந்தது, போனது. அம்மா வாசலில் நின்று கையை ஆட்டினாள். மறுபடியும் வீடு வந்தது, போனது. மூன்றாம் முறையும் தாண்டிப்போனபோது அம்மா கை வலித்து உள்ளே போய்விட்டாள்.

"நிறுத்தத் தெரியலையா பாப்பா?" என்று அண்ணன் கேட்டார்.

"தெரியுதுண்ணே. மனசு வரலை."

அன்றிலிருந்து காலில் சக்கரம் கட்டிக்கொண்டவள் ஆனாள். உப்பு தீர்ந்துபோனால் பக்கத்துக் கடையை விட்டுவிட்டு ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கும் கடைக்குப் போவாள். கல்யாணமான பிறகும் அப்படியே. கணவர் தையற்காரர். ஊசியில் நூல் கோர்க்க ஒருநாளும் கை நடுங்காது. ஆனால் சைக்கிள் ஹாண்டிலைப் பிடித்தாலே நடுங்கும். அதனால் ஓட்டுவது என்றைக்கும் அவள், பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்காருவது என்றைக்கும் அவர். இதில் இருவருக்கும் பரம திருப்தி.

காரைக் கொண்டு வரலாம் என்று பதில் வந்தது. சொந்த உபயோகத்தில் இருந்த வண்டி என்பதால் அனுமதி உண்டு. ஆனால் கப்பலில் அனுப்பித் தரும் ஏஜெண்ட் நல்ல மனதோடு ஒரு யோசனை சொன்னார். இந்தக் கிழட்டு வண்டிக்கு இவ்வளவு அலைச்சல் எதற்கு, இங்கேயே விற்றுவிட்டு அங்கே போய் வேறு வாங்கிக்கொள்ளலாமே என்றார். அவள் அதையும் விசாரிக்காமல் இல்லை. அங்கே கையால் ஓட்டும் வசதி பொருத்த வேண்டுமானால் வரிசையில் காத்திருக்க வேண்டும். வரிசையோ அரை வருஷத்துக்கு மேல் நீண்டிருந்தது. புது லேப் ஊருக்கு வெளியே, பஸ் போகாத இடத்தில் இருக்கிறது. முதல் மாதம் மட்டும் லேப் வேனில் கூட்டிப்போவார்கள். அதற்குப் பிறகு அவரவர் வழி அவரவருக்கு. காரில்லாமல் போனால் வேலையில்லை, வேலையில்லாமல் அங்கே இருக்கவும் முடியாது. மூட்டையைக் கட்டிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான்.

"கார் வந்தாத்தான் நான்" என்று ஒற்றைக்காலில் நின்றாள். "எனக்கென்ன, பழக்கம்தானே" என்று அவளே சொல்லிச் சிரித்தாள்.

ஏஜெண்ட் வழிக்கு வந்தார். எஞ்சினுக்குப் பின்னால் இருந்த இரும்புச் சுவரில் பொறித்திருந்த, வண்டியின் அடையாளமான சேசிஸ் எண்ணின் மேல் காகிதத்தை வைத்து, பென்சிலால் தேய்த்து நகல் எடுத்து, கப்பல் காகிதங்களோடு சேர்த்துக்கொண்டார். போகும்போது ஒரே ஒரு எச்சரிக்கை செய்தார். அந்த ஊரில் மண்ணுக்கும் விதைக்கும் பயங்கரக் கெடுபிடியாம். வண்டியின் அடியில் ஒரு பொட்டு மண் ஒட்டியிருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்களாம்.

அதைக் கேட்டதிலிருந்து அண்ணனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. காரை ஷெட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டார். வந்த வேலைகளை எல்லாம் அப்புறம் பார்க்கலாம் என்று திருப்பி அனுப்பினார். தங்கை வந்து எட்டிப்பார்த்தால்கூட, "கலெக்டருக்கு இங்க என்ன வேலை, போய்ப் பெட்டி கட்டு" என்று விரட்டினார். மாப்பிள்ளை மட்டும் சீட்டுகளுக்குப் புது உறை தைத்துக்கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். உள்ளே என்ன நடக்கிறது என்று அவரைக் கேட்டதற்கு, "உங்க அண்ணன் வண்டிக்கு அடியில படுத்திருக்கார். காலு மட்டும்தான் தெரிஞ்சுது" என்றார்.

கதவு திறந்தபோது வண்டி கம்பெனியில் இருந்து அன்றுதான் வந்திறங்கியதுபோல் இருந்தது. மேலே புது மஞ்சள். பானெட்டைத் திறந்தால் உள்ளே பளபளவென்று கறுப்பு. அடியில் கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் ஒரு தூசி கிடையாது. கலெக்டரம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணனோ ஒரு துணியை எடுத்து, துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். கண்டெய்னருக்குள் காரைத் தள்ளிவிட்டதும் அவர்தான். விமான நிலையத்துக்கு மட்டும் அவர் வரவில்லை. ஷெட்டில் வேலை கிடக்கிறது என்று சொல்லிவிட்டார்.

புது ஊரில் அவர்களுக்குக் கிடைத்தது தரைத்தளத்தில் இரண்டு அறை. சமையலறை ஜன்னலைத் திறந்தால் கார் நிறுத்தும் இடம். அவர்களுக்கென்று ஒதுக்கிய கட்டம் காலியாகக் கிடந்தது. கலெக்டரம்மா தினமும் காலையில் காபியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் காலிக் கட்டத்தைப் பார்ப்பாள். பிறகு போனில் கப்பல் எங்கே வருகிறது என்று பார்த்துக் கணவருக்கு அறிக்கை வாசிப்பாள். கடலுக்கு நடுவே ஒரு புள்ளி. நேற்று இருந்ததைவிட ஒரு நகத்தளவு நகர்ந்திருக்கும். அதற்கே குழந்தை நடை பழகியதைப் பார்த்ததுபோல் பூரித்துப்போவாள். லேபில் கூட வேலை பார்ப்பவர்களிடம் எல்லாம், "என் கார் வந்துட்டிருக்கு" என்று சொல்லிவைத்திருந்தாள். வேன் ஓட்டுநர் இனி எத்தனை நாள் என்று கேட்கும்போதெல்லாம் "வந்துட்டே இருக்கு" என்று சிரிப்பாள். உள்ளே இருக்கும் பயத்தை வெளியே காட்டிக்கொள்ளமாட்டாள்.

மாதம் முடியப்போகும் சமயத்தில் துறைமுகத்தில் இருந்து அழைப்பு வந்தது.

டாக்சி பிடித்துப் போனார்கள். பெரிய கொட்டகை, சிமெண்டுத் தரை, வரிசையாக வண்டிகள். நடுவில் மஞ்சளாக நம் கார். அவளுக்கு ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ஓட முடியாததால் கைத்தடியை வேகமாக ஊன்றிப் போனாள். கணவர் பின்னால் ஓடினார்.

சோதனை அதிகாரி நடுத்தர வயதுப் பெண்மணி. கையில் டார்ச். சக்கர இடுக்கு, சீட்டின் அடி, டிக்கி என்று ஓர் இடத்தையும் விடவில்லை. தரையில் படுத்து அடிப்பக்கம் பார்த்துவிட்டு எழுந்தவர், இத்தனை வருஷத்தில் இப்படிச் சுத்தமான பழைய வண்டியைப் பார்த்ததில்லை என்றார். கைக்கம்பியைத் தள்ளி இழுத்துப் பார்த்தார். சான்றைப் பார்த்துச் சிரித்துத் தலையசைத்தார். கலெக்டரம்மாவின் முகத்தில் பெருமை வழிந்தது. கணவரின் முழங்கையை இடித்து, "எங்கண்ணன்" என்றாள்.

அதிகாரி பானெட்டைத் திறந்து, கையில் பென்சில் நகலோடு எண்ணைத் தேடினார். தேடிக்கொண்டே இருந்தார். எண் இருக்கவேண்டிய இடத்தில் மொழுமொழுவென்று கறுப்பு. பக்கத்தில் அதே எண்ணோடு ஆணியடித்திருந்த சின்னத் தகடும் இல்லை. டார்ச்சை அணைத்துவிட்டு நிமிர்ந்தபோது அவர் முகத்தில் முன்பிருந்த சிரிப்பு இல்லை. எண்ணை மறைத்த வண்டி என்றால் திருட்டு வண்டி என்றுதான் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். இதை உள்ளே விட முடியாது, வந்த கப்பலிலேயே திரும்பும் என்றார்.

கலெக்டரம்மா அண்ணனை வீடியோவில் அழைத்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் பேயறைந்ததுபோல் ஆகிவிட்டது.

"நான்தான் பாப்பா அடிச்சேன். அங்க மட்டும் துரு இருந்துச்சு. அந்தத் தகடும் துருப்பிடிச்சுக் கிடந்தது, கழட்டிப் போட்டுட்டேன். ஒரு இடத்துல துரு இருந்தா, இந்தப் பொண்ணை ஏனோதானோன்னு அனுப்பிட்டாங்கன்னு அந்த ஊர்க்காரங்க நெனப்பாங்களேன்னு..."

கையில் இருந்த துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவளுக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டில் எதை முதலில் செய்வது என்று தெரியாமல், வழக்கமான வேலையைச் செய்தாள். உத்தரவு போட்டாள்.

"அழாதண்ணே. என்னென்ன அடிச்சிருக்க, வரிசையாச் சொல்லு."

மேலே இரண்டு பூச்சு கறுப்பு, அதற்கடியில் சாம்பல் நிற பிரைமர், அதற்கடியில் வெறும் இரும்பு. சுரண்டும்போது இரும்பில் கீறல் விழுந்தால் எண்ணைத் திருத்தியதாகிவிடும், சாம்பல் தெரிந்ததும் கத்தியை எடுத்துவிட்டுப் பஞ்சால் துடைக்கவேண்டும் என்றார் அண்ணன். அவள் அதிகாரியிடம் திரும்பினாள். எண் அடியில்தான் இருக்கிறது, உங்கள் கண்ணெதிரிலேயே நான் எடுத்துக் காட்டுகிறேன், ஒரு கீறல் விழுந்தாலும் திருப்பி அனுப்பிவிடுங்கள் என்றாள். அதிகாரி அவளையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார். சரி, நான் பக்கத்திலேயே நிற்பேன் என்றார். பெயிண்டை இளக்கும் திரவமும் பஞ்சும் அங்கேயே இருந்தன. மெழுகு செதுக்கும் சின்னக் கத்தி அவள் கைப்பையில் எப்போதும் இருக்கும்.

கை எட்ட வேண்டுமே. வண்டியின் முன்பக்கத்தில் சாய்ந்து, எஞ்சினுக்கு மேல் கவிழ்ந்தால்தான் அந்த இடம் எட்டும். கால் நிற்காது. கணவர் பின்னால் இருந்து இரண்டு கையாலும் அவள் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். போனையும் பிடிக்க வேண்டியிருந்ததால் அதை வாயில் கவ்விப் பார்த்தார். அது சரிவராமல் அதிகாரியே வாங்கிப் பிடித்துக்கொண்டார். இப்படியாக அண்ணன் அந்நிய தேசத்து அதிகாரியின் கையில் இருந்துகொண்டு மேற்பார்வை செய்தார்.

கறுப்பு இளகி வந்தது. பிறகு சாம்பல் தெரிந்தது. "போதும் பாப்பா, இனி பஞ்சு" என்றார் அண்ணன். ஈரப் பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தாள். பல் இடுக்கில் மெழுகு எடுக்கும் அதே பொறுமை. முதல் எழுத்து தெரிந்தது. அதிகாரி நகலைப் பார்த்து உரக்கப் படித்தார். அடுத்தது தெரிந்தது, அதையும் படித்தார். பக்கத்து வண்டியைச் சோதித்துக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து சூழ்ந்துகொண்டார்கள். ஒவ்வொன்றும் வெளியே வர வர அவர்களும் சேர்ந்து படிக்க ஆரம்பித்தார்கள். சுற்றிலும் இவ்வளவு சத்தம், கலெக்டரம்மாவின் கை மட்டும் பிசகவில்லை. கணவருக்குத் தோள் இற்றுப்போனது, பிடி மட்டும் தளரவில்லை. கடைசி எண்ணைப் பஞ்சு துடைத்தபோது கொட்டகையே கைதட்டியது. அண்ணனுக்கு அந்தச் சத்தம் எதற்கென்று புரியவில்லை. "என்னாச்சு, என்னாச்சு" என்று கத்திக்கொண்டிருந்தார்.

அதிகாரி விரலால் எண்ணைத் தடவிப் பார்த்தார். கீறல் இல்லை. நகலை மேலே வைத்து ஒப்பிட்டார், சின்னத் தகடு இல்லாவிட்டாலும் இது போதும் என்றார். பிறகு போனைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பி, அண்ணனைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். மொழி தெரியாத அண்ணன் பதிலுக்குக் கையெடுத்துக் கும்பிட்டார்.

பெட்ரோல் ஊற்றிக்கொண்டு துறைமுகக் கேட்டைத் தாண்டியபோது வெயில் சாய்ந்திருந்தது. புது ரோடு, புது சிக்னல், புது ஊர். கையில் மட்டும் அதே கம்பி. இழுத்தாள், வண்டி சீறிக்கொண்டு போனது. இத்தனை நாளாக வேன் ஜன்னல் வழியாக யாரோ காட்டிய ஊர் இப்போது அவள் திருப்பிய பக்கமெல்லாம் திரும்பியது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். கணவர் பையை மடியில் வைத்துக்கொண்டு, வலிக்கும் தோளைத் தடவியபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போன் அடித்தது. கணவர் எடுத்தார். அண்ணன்தான். குரல் இன்னும் தெளியவில்லை. பெயிண்ட் போன இடம் அசிங்கமாகத் தெரிகிறதா என்று கேட்டார். தெரிந்தால் தெரியட்டும், அதில் இனி யாரும் கை வைக்கக்கூடாது என்று கலெக்டர் உத்தரவு என்றார் கணவர். பிறகு அண்ணன், "வீடு போய்ச் சேர்ந்துட்டீங்களா மாப்ளே?" என்றார்.

கணவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். சமையலறை ஜன்னலும் காலிக் கட்டமும் மறுபடியும் பின்னால் போய்க்கொண்டிருந்தன.

"வீட்டை ரெண்டு தடவை தாண்டிட்டோம் மச்சான். நிறுத்தவே மாட்டேங்கறா."

அந்தப் பக்கம் அண்ணன் சிரித்துவிட்டார். அவர்கள் கிளம்பிப் போனதில் இருந்து அன்றுதான் சிரிக்கிறார்.

"விடுங்க மாப்ளே" என்றார். "இன்னும் ஒரு சுத்து பாக்கியிருக்கு."