பெரிய வியாழனும் பங்குக் கிணறும்

தென்னோலையில் பின்னிய புதுக் கிடுகு வெயிலில் காயும்போது எழும் இனித்த பச்சை மணம் எங்கேனும் மூக்கில் பட்டால், பாலையூற்றில் எங்கள் வீட்டுக்கும் பெரியப்பா வீட்டுக்கும் நடுவிலிருந்த ‘பங்குக் கிணறு’ என் கண்முன் வந்துவிடும். இரு குடும்பத்துக்கும் சமபங்குள்ள அந்தக் கிணற்றை, காணி பிரித்தபோது வந்த கோபத்தில், துறைமுகத்தில் வேலைசெய்த என் அப்பா தம் பக்கம் விழும்படி கிடுகு வேலியடைத்துக்கொண்டார். அன்றிலிருந்து பெரியம்மா தெருக்கோடிக் குழாயடியிலிருந்து தண்ணீர் சுமந்தார்.

அந்தத் தவக்காலத்தில் அப்பா வெள்ளி தவறாமல் ஒருவேளை மட்டும் உண்டு ‘ஒருசந்தி’ இருந்தார். சிலுவைப்பாதைக்கு வெறுங்காலுடன் நடந்தார். பெரிய வியாழனன்று சீடர்களாக அமரும் பன்னிருவரின் பாதத்தைச் சுவாமியார் கழுவும் சடங்குக்கு, அவர்களில் ஒருவராகவும் அவரைத் தெரிவுசெய்திருந்தார்கள். அதற்கு முதல்நாள் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்தவர், குசினி வாசலில் நின்று அம்மாவிடம் பொருமினார்.

“பரிகாரமாச் செபமாலை சொல்லச் சொன்னா எத்தினையும் சொல்லுவன். சுவாமி வேலியைப் பிடுங்கச் சொல்லுறார்.”

“அப்ப பிடுங்குங்கோவன்,” என்றார் அம்மா, அரிசி களைந்தபடி.

மறுநாள் பின்னேரம் அப்பா கிணற்றடியில் தேங்காய்த் தும்பால் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சுவாமியார் கையில் அழுக்குப் படக்கூடாதென்று எங்கள் கோயில் பங்கில் பன்னிருவரும் கழுவிய காலோடுதான் பாதம் கழுவலுக்குப் போவார்கள். வேலிக்கு அப்பால் குடத்தை இறக்கிவைத்த பெரியம்மா, கிடுகு இடுக்கால் பார்த்தார்.

“நல்லாத் தேயும் தம்பி. குதிக்கால்ல அழுக்கு இன்னும் கிடக்கு.”

அப்பா தும்பைப் போட்டுவிட்டுக் கத்தியை எடுத்துவந்து, கட்டுக்கயிற்றை அறுத்து ஒரு கிடுகைக் கழற்றினார். வாளி நுழையும் அளவு இடைவெளி.

“வாளி வரும். நான் எதுக்குள்ளால வாறது?” என்றார் பெரியம்மா.

அப்பா மிச்சக் கட்டுகளையும் அறுத்து, வேலித் தடிகளை அசைத்து அசைத்துப் பிடுங்கத் தொடங்கினார். கடைசித் தடியைப் பெரியப்பாவும் வந்து பிடித்தார். “குழியளை மூடடா, பிள்ளையள் விழுந்திடுங்கள்,” என்பதே அவ்வளவு காலத்துக்குப் பின் அவர் தம்பியிடம் பேசிய முதல் பேச்சு.

அதற்குள் கோயில் மணி அடித்துவிட்டது. அப்பா சேற்றுக் காலோடு ஓடினார். சுவாமியார் அவர் பாதத்தைக் கழுவியபோது தட்டத்துத் தண்ணீர் கலங்கிப்போயிற்று. அந்தக் காலைத்தான் அவர் கூடுதல் நேரம் பிடித்திருந்ததாக எனக்குப் பட்டது.

இன்று இரண்டு வீட்டிலும் குழாய்த் தண்ணீர் வருகிறது. கிணற்றின்மேல் கம்பிவலை போட்டிருக்கிறோம். அப்பாவும் பெரியம்மாவும் இல்லை. வேலி எங்கே நின்றதென்று சென்ற கிழமை பெரியப்பாவின் பேத்தி கேட்டாள். நடந்து நடந்து பார்த்தும் என்னால் சரியாகக் காட்ட முடியவில்லை. எதையும் அளந்து நாட்குறிப்பில் எழுதிவைக்கும் எனக்கு, அந்த ஓர் இடம் தெரியாமற்போனதற்கு மட்டும் ஆண்டவருக்கு நன்றி சொல்லத் தோன்றியது.